வாள் பிடித்தவனும் மந்திரம் படித்தவனும்

கதை எழுதுகிறவனிடம் ஒரு மந்திரவாதியை ஒப்படைத்துப் பாருங்கள். அவன் செய்கிற முதல் காரியம், ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அந்த மந்திரவாதியை வெளியூருக்கு அனுப்பிவிடுவதுதான். வேறு வழி கிடையாது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கோட்டைச் சுவரைத் தாண்டிவிடக்கூடிய ஆசாமி கூடவே இருந்தால், கதாநாயகன் எதற்கு? அவன் இடையில் தொங்கும் வாள் எதற்கு? நூறு பக்கம் வளர வேண்டிய முற்றுகை நாலு வரியில் முடிந்துவிடுமே!

டோல்கீன் 1937-இல் வெளியிட்ட 'ஹாபிட்' கதையில் காண்டால்ஃப் என்று ஒரு மந்திரக் கிழவர் வருகிறார். பயங்கரமான பெருங்காடு ஒன்றின் வாசல் வரையில் துணைக்கு வருகிறார். காட்டுக்குள் நுழைய வேண்டிய சமயத்தில் தமக்குத் தெற்கே அவசர ஜோலி இருப்பதாகச் சொல்லிக் கழன்று கொள்கிறார். நம் மகாபாரதத்தில் இதைவிடக் கண்டிப்பான ஏற்பாடு. கிருஷ்ணன் ஆயுதம் எடுப்பதில்லை என்று போருக்கு முன்பே பேசி முடித்துவிடுகிறார்கள். தேர் ஓட்டலாம், யோசனை சொல்லலாம். அதற்கு மேல் கூடாது. அந்த நிபந்தனை மட்டும் இல்லாவிட்டால் பதினெட்டு நாள் யுத்தம் ஏது? அர்ஜுனனுக்குப் பெயர் ஏது?

இந்தத் தந்திரம் பலிக்காத இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டம் அது. அங்கே மந்திரவாதி காகிதத்தில் இல்லை. எதிர் நாற்காலியில் தட்டை கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை வெளியூருக்கு அனுப்ப முடியாது. வெயிலில் இரண்டு பஸ் மாறி ஆட வந்திருக்கிறார்!

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒருவர் கதையை நடத்துகிறவர். அவருக்கு 'டன்ஜன் மாஸ்டர்' என்று பட்டம், சுருக்கமாக டி.எம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். "பாழடைந்த மண்டபத்துக்குள் நுழைகிறீர்கள். இருட்டில் ஏதோ மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்பார் டி.எம். செய்வதை வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம். இதில் வெற்றி தோல்வி என்று எதுவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் வந்து சேர்ந்தால் அதுதான் வெற்றி.

சென்னையில் என் மருமான் வீட்டு மாடியில் நாலு வருஷமாக இந்த ஆட்டம் நடக்கிறது. ஆட்டக்காரர் ஒருவருக்குப் பெங்களூருக்கு மாற்றலாகவே, "கதை எழுதுகிறவர்தானே, நீங்கள் வாருங்கள் மாமா" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான். இருபது வயதிலிருந்து முப்பது வயதுக்குள் உள்ளவர்கள் நடுவில் நாற்பதைக் கடந்த நான் ஒருவன். முதலில் எனக்குக் கொடுத்தது வாள்வீரன் வேடம். "புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் சுலபம்" என்றார்கள். இந்த வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். எட்டாவது மாதம் என் வாள்வீரன் ஒரு மலைப்பூதத்தின் கையால் வீர சொர்க்கம் அடைந்தான். அப்புறம் சில மாதங்கள் மந்திரவாதியாக ஆடினேன். ஆகையால் இரண்டு பக்கத்து ருசியும் எனக்குத் தெரியும்.

இரண்டும் வேறு வேறு ருசி. வாள்வீரனுடைய சந்தோஷம் சபையில் கிடைப்பது. ஒவ்வொரு முறையும் அவன் பகடையைக் கையில் எடுக்கிறான். மேஜை முழுவதும் அந்தக் கையைப் பார்க்கிறது. இருபது விழுந்தால் மாடியே அதிரும். கீழ்வீட்டுப் பாட்டி, 'என்ன, கிரிக்கெட்டா?' என்று படியேறி வந்து விசாரிப்பாள். ஒன்று விழுந்தாலோ, கத்தி கை நழுவிப் போனதைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். விழுந்தாலும் எழுந்தாலும் பார்க்க ஆள் உண்டு. முன்னால் நின்று அடி வாங்குகிறவனும் அவன்தான். அடி வாங்குவதில் என்ன சந்தோஷம் என்று கேட்காதீர்கள். 'இவன் நிற்கிறான், அதனால் நாம் பிழைத்தோம்' என்று நாலு பேர் நினைக்கும்போது ஒரு மனிதனுக்கு உண்டாகும் சந்தோஷத்தைக் கூட்டுக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்த எவரும் அறிவார்.

மந்திரவாதியின் சந்தோஷம் அந்தரங்கமானது. நீண்ட பிரயாணத்துக்கு மூட்டை கட்டுகிறவனுடைய சந்தோஷம் அது. காலையில் எழுந்ததும், தனக்குத் தெரிந்த மந்திரங்களில் இன்றைக்கு எவை எவை வேண்டியிருக்கும் என்று அவன் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துப் போக இடம் கிடையாது. 'இது எதற்கு உதவப் போகிறது' என்று தயங்கித் தயங்கி வைத்துக்கொண்ட ஒன்று, சாயங்காலம் சரியான சமயத்தில் கைகொடுக்கும். எட்டு மாதம் வீணாகத் தூக்கிச் சுமந்த குடைக்கு ஒரு நாள் மழை வந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

இரண்டு சந்தோஷமும் ஒரே மேஜையில் ஒத்துப் போகுமா? ஆட்டம் பிறந்த நாளிலிருந்து கேட்கப்படும் கேள்வி இது. சரித்திரத்தைச் சற்றுப் பார்த்தால், தகராறு எங்கே முளைத்தது என்று தெரியும்.

'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற இந்த ஆட்டம் 1974-ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்து லேக் ஜினீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். முதலில் அச்சிட்டது 1000 பிரதிகள். அதற்கும் முன்னால், 1971-இல், கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 'செயின்மெயில்' என்று பொம்மைப் படைகளை வைத்து ஆடும் யுத்த ஆட்டம் ஒன்றை எழுதியிருந்தார்கள். அதன் மாய உலக அனுபந்தத்தில் மந்திரவாதி வருகிறான். அவன் எறியும் நெருப்புக் கோளம் எவ்வளவு இடத்தைப் பொசுக்கும் என்றால், பெரிய கவண்பொறியின் கல் விழுந்து நாசம் செய்யும் இடத்தை. அவன் விடும் மின்னல், பீரங்கி தாக்கும் இடத்தை. அதாவது, மந்திரவாதி முதலில் மனிதனாகப் பிறக்கவில்லை, பீரங்கியாகப் பிறந்தான். பீரங்கி பலமாக இருக்கிறதே என்று எந்தச் சிப்பாயும் பொறாமைப்படுவதில்லை. அந்தப் பீரங்கிக்கு ஒரு பெயரும் ஊரும் கொடுத்து, சிப்பாயின் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது.

ஆட்டத்தை இயற்றியவர்கள் இதை உணராதவர்கள் அல்ல. மந்திரவாதியைச் சுற்றி நாலு பக்கமும் வேலி போட்டிருந்தார்கள். ஜாக் வான்ஸ் என்பவர் 1950-இல் எழுதிய 'டையிங் எர்த்' கதைகளில் வருகிறபடி, மந்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். சொன்னதும் அது மனத்தைவிட்டு மறைந்துவிடும். முதல் படியில் உள்ள மந்திரவாதிக்கு நாளைக்கு ஒரே மந்திரம். அதைச் சொல்லியாகிவிட்டால் மிச்சப் பொழுதெல்லாம் கையில் ஒரு சிறு கத்தியுடன் மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிய வேண்டியதுதான். 1975-இல் வந்த 'கிரேஹாக்' அனுபந்தத்தின்படி, வாள்வீரனின் உயிர்ப்பலத்துக்கு எட்டு முகப் பகடை. மந்திரவாதிக்கு நாலு முகப் பகடை. மந்திர வாள் மந்திரவாதி தொடக்கூடாத பொருள். மந்திரத்தை உச்சரிக்கும்போது அடி விழுந்தால் மந்திரம் வீண். தேர்ந்த வாள்வீரனை மந்திரத்தால் மயக்குவதும் சுலபமல்ல. எல்லாவற்றிலும் பெரிய வேலி 1978-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இருக்கிறது. ஒன்பதாம் படி ஏறிய வாள்வீரன் கோட்டை கட்டிக்கொண்டு குடியமர்ந்தால், அவன் பெயரைக் கேட்டுப் படைவீரர்கள் சேவகத்துக்கு வந்து சேருவார்கள்!

பிறகு இந்த வேலிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கெட்ட எண்ணத்தால் அல்ல. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வேலியும் ஒரு தொந்தரவு. ஒரே மந்திரத்தை வைத்துக்கொண்டு ஒளிந்திருப்பது யாருக்குப் பிடிக்கும்? கோட்டைக் கணக்கும் படைச் சம்பளக் கணக்கும் எழுதிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? 2000-ஆம் ஆண்டில் மூன்றாம் பதிப்பு வந்தபோது, அடி விழுந்தாலும் மந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ள வழி வந்தது. மந்திரவாதி உயர உயர அவன் மந்திரத்தைத் தாங்குவதும் கடினமாயிற்று. சேனையும் கோட்டையும் முன்போல் வாள்வீரனுக்கென்று எழுதி வைத்த உரிமையாக இல்லை. வாள்வீரன் படிக்குப் படி சீராக வளர்ந்தான். மந்திரவாதியோ வட்டிக்கு வட்டி போட்ட கடன் மாதிரி வளர்ந்தான்.

2014-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு இதை ஓரளவு சரிக்கட்டியது. மனத்தை ஒருமுகப்படுத்தி நிறுத்த வேண்டிய மந்திரங்களில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பிடித்து வைக்கலாம் என்று புதிய வேலி ஒன்று போட்டார்கள். நாங்கள் ஆடுவது அந்தப் பதிப்பைத்தான். ஆனாலும் எங்கள் மாடியில் விபரீதம் வந்தது.

எங்கள் வாள்வீரர் ஒரு பாங்கில் குமாஸ்தா. இருபத்தெட்டு வயது, அதிகம் பேசாதவர். மந்திரவாதியாக ஆடுகிறவள் ஆடிட்டர் பரீட்சைக்குப் படிக்கும் பெண். மந்திரப் பட்டியலைத் தனி நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறாள் என்றால் பாருங்கள்! மூன்றாமவர் ஒரு டாக்டர் அம்மாள். கோடரி பிடித்த காட்டு வீராங்கனை வேடம். இந்தக் கதையில் நான் பூசாரி. காயம் பட்டவர்களுக்குக் கட்டுப் போடுவது என் உத்தியோகம். ஆகவே கட்சி சேராமல் பார்க்க முடிந்தது.

நாங்கள் எல்லோரும் ஒன்பதாம் படிக்கு வந்திருந்தோம். மலைக்கோட்டை ஒன்றில் சிறை வைத்திருக்கும் ஒருவரை மீட்க வேண்டும். பாங்கு இளைஞர் அன்று வழக்கத்துக்கு மாறாக உற்சாகமாயிருந்தார். காகிதத்தில் கோட்டைப் படம் போட்டார். வடக்குச் சுவரில் நிழல் விழும் நேரம், காவல் மாறும் நேரம், கயிற்றில் எத்தனை முடிச்சு, யார் முதலில் ஏறுவது என்று அரை மணி நேரம் விவரித்தார். என் மருமான் கேட்டுவிட்டு, "நல்ல யோசனை. சுவர் வழுக்கலானது. பகடையை உருட்டுங்கள், பதினைந்துக்கு மேல் வர வேண்டும்" என்றான்.

பகடை உருண்டது. கூட்டிக் கழித்துப் பன்னிரண்டு.

அந்தப் பெண் நோட்டைப் புரட்டினாள். "பறக்கும் மந்திரம் வைத்திருக்கிறேன். நான் போய் உள்ளே இருந்து திட்டிவாசலைத் திறந்துவிடுகிறேன்" என்றாள். அதற்குப் பகடை கிடையாது. பறந்தாள், திறந்தாள். எல்லோரும் உள்ளே போனோம். இளைஞர் தாம் போட்ட படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. ஆபீஸில் கணக்கு முடிக்கிறார்களாம். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு என் மருமான் கலங்கிப் போனான். இந்த மாதிரி மேஜைகளில் முதல் நாற்காலி காலியாவதுதான் கஷ்டம். அப்புறம் மற்ற நாற்காலிகள் தாமாகவே காலியாகிவிடும். "அவருக்கு ஒரு மந்திர வாள் கொடுத்துவிடட்டுமா, மாமா? அடியின் வேகத்தைக் கூட்டிவிடலாம்" என்றான்.

பாங்கு இளைஞரை நானே போய்ப் பார்த்தேன். காப்பி ஹோட்டலில் உட்கார்ந்ததும், நான் கேட்காமலே விஷயத்துக்கு வந்தார்.

"அடியில் எனக்குக் குறைச்சல் இல்லை, சார். ஒற்றை எதிரியை நிற்க வைத்து அடிப்பதில் என் கணக்குத்தான் ஜாஸ்தி. ஆனால் சண்டை இல்லாத நேரத்தில் நான் யார்? ஒரு காரியம் செய்ய வேண்டுமென்றால் நான் 'செய்யலாமா?' என்று கேட்க வேண்டும். டி.எம். யோசிப்பார், பகடை வேறு யோசிக்கும். அந்தப் பெண் கேட்பதே இல்லை. 'இது நடக்கிறது' என்கிறாள், நடக்கிறது. புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறது. பாங்கிலும் ஒவ்வொன்றுக்கும் மேலே எழுதிக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், சார். ஞாயிற்றுக்கிழமையுமா கேட்க வேண்டும்?"

ஐம்பது வருஷமாக நடக்கும் விவாதத்தின் சாரத்தை அவர் ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு வேடத்துக்கும் உள்ள பேதம் பலத்தைப் பற்றியதல்ல. ஒருவன் வார்த்தைக்கு உடனே மதிப்பு. மற்றவன் வார்த்தைக்கு மனு, விசாரணை, தீர்ப்பு. மந்திரம் என்பது கதையை மாற்றுவதற்கு எழுத்து மூலம் கிடைத்த அனுமதி. வாளுக்கு அந்தப் பத்திரம் கிடையாது. அதைக் கேட்கிறவர்களுடைய மனம்தான் தர வேண்டும்.

அந்தப் பெண்ணின் கட்சியையும் சொல்ல வேண்டும். அவள் மிகவும் சங்கடப்பட்டாள். "முதல் மூன்று மாதம் நான் பீப்பாய்க்குப் பின்னால்தானே சார் இருந்தேன்? அப்போது யாரும் எனக்காக வருத்தப்படவில்லையே!" என்றாள். நியாயம்தான். ஆனால் கணக்கு மட்டும் சரியாக வரவில்லை. மூன்று மாதம் ஒருத்தி சும்மா இருந்ததற்கு, மூன்று வருஷம் கழித்து இன்னொருவர் சும்மா இருப்பது ஈடாகுமா? ஞாயிற்றுக்கிழமைகளைச் சேமித்து வைத்துச் செலவழிக்க முடியாது. ஒவ்வொன்றும் அன்றன்றைக்குத்தான்.

இன்னொன்றும் சொன்னாள். கோட்டைக்கு முன்பே ஒரு நாள் அவள் வேண்டுமென்றே மந்திரத்தைப் பிரயோகிக்காமல் பேசாதிருந்தாளாம். வாள்வீரர் ஒரு கதவோடு மல்லுக்கட்டி உடைத்தார். உடைத்துவிட்டு அவள் நோட்டை ஒரு தரம் பார்த்தார். கதவு திறக்கும் மந்திரம் அதில் முதல் வரியிலேயே இருந்தது. குழந்தையைத் தாயக்கட்டத்தில் ஜெயிக்க விடுகிறோமே, அந்த மாதிரி. ஜெயித்த குழந்தை அதைக் கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் அழுகைதான்.

ஆகவே, பலசாலியை அடக்கி வாசிக்கச் சொல்வது பரிகாரமல்ல. இதற்கு மற்றவர்கள் என்ன பரிகாரம் செய்தார்கள் என்று பார்த்தால், மூன்று வழி தெரிகிறது.

முதல் வழி, வாள்வீரனுக்கும் மந்திரம் மாதிரி ஒன்றைக் கொடுப்பது. 2006-இல் 'டோம் ஆஃப் பேட்டில்' என்ற புத்தகம் வாள்வீச்சுகளுக்குத் தனித்தனிப் பெயரும் பலனும் எழுதிக் கொடுத்தது. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், எல்லா வேடத்துக்கும் ஒரே அச்சில் வித்தைகளை வார்த்தது. எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒரு முறை செய்யக்கூடியவை, நாளைக்கு ஒரு முறை செய்யக்கூடியவை என்று வாள்வீரனுக்கும் உண்டு, மந்திரவாதிக்கும் உண்டு. தராசு நேராக நின்றது. வாள்வீரர்களாக ஆடியவர்களில் பலர் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால், எல்லா வேடமும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று குறைப்பட்டுக் கொண்டவர்களும் ஏராளம். பந்தியில் எல்லோருக்கும் ஒரே அளவு பரிமாறுவது நல்ல மரியாதைதான்; ஆனால் எல்லா இலையிலும் ஒரே பதார்த்தம் என்றால், சாப்பிட வந்தவன் முகம் சுளிக்கத்தானே செய்வான்?

இரண்டாவது வழி, கதாசிரியர்களின் வழி. கிரெக் ஸ்டாஃபோர்டு 1985-இல் 'பென்ட்ராகன்' என்று ஆர்தர் மன்னன் காலத்து ஆட்டம் ஒன்றை எழுதினார். அதில் ஆடுகிறவர்கள் அனைவரும் குதிரை வீரர்கள். மெர்லின் போன்ற மந்திரவாதிகள் டி.எம். கையில். மந்திரவாதியை வெளியூருக்கு அனுப்பும் வேலையை மேஜையில் உட்காருவதற்கு முன்பே செய்துவிட்டார்!

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஜோனதன் ட்வீட், மார்க் ரெயின்ஹேகன் என்ற இருவர் 1987-இல் இயற்றிய 'ஆர்ஸ் மேஜிகா'. மந்திரவாதிகள் மற்றவர்களைவிடப் பலசாலிகள்தான் என்று அது கூசாமல் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டு, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதி, ஒரு துணைவன் என்று இரண்டு வேடம் கொடுத்துவிடுகிறது. காவல் வீரர்கள் எல்லோருக்கும் பொது. இன்றைக்கு உன் மந்திரவாதி வெளியே புறப்பட்டால் என் காவல்காரன் கூட வருவான். நாளைக்கு முறை மாறும். வாசற்படியில் யார், ஊஞ்சலில் யார் என்ற வழக்கு அத்தோடு தீர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், வாள்வீரனைப் பின்தங்க வைத்ததாகச் சொல்லப்படும் 2000-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பை வடிவமைத்த மூவரில் இதே ட்வீட்டும் ஒருவர்.

என் மருமான் இந்த மூன்றில் எதையும் செய்யவில்லை. பழைய 1978-ஆம் ஆண்டு விதியைப் பற்றி எங்கோ படித்திருந்தான். கோட்டையிலிருந்து மீட்டு வந்தவர் அந்தச் சீமையின் பழைய தளபதி என்று கதையைத் திருப்பினான். தளபதிக்குப் பாங்கு இளைஞரின் வாள்வீரனைத் தெரிந்திருந்தது. பத்துப் போர்க்களம் கண்டவன் என்ற கீர்த்தி சும்மாவா? நாற்பது பேர் அவன் கொடியின் கீழ் வந்து நின்றார்கள். பகடை உருட்டவில்லை. மேஜையில் ஒரு புதிய பழக்கமும் வந்தது. பத்துப் போர் கண்டவன் தெரிந்து வைத்திருக்கக்கூடிய எதையும் அவர் கேட்க வேண்டாம், சொன்னால் போதும். "இந்தக் கணவாயில் குதிரைப் படை இரட்டை வரிசையாக வர முடியாது" என்று அவர் சொன்னால், வர முடியாதுதான். விபரீதமாக ஏதாவது சொன்னால் மட்டும் பகடை.

செய்தி போயிற்று, நாலாவது ஞாயிறு அவர் வந்தார். பகைவர் படை கணவாய்க்குள் வருகிற கட்டம். நாற்பது பேரையும் எங்கெங்கே நிறுத்துவது என்று அவர் ஒவ்வொருவராகச் சொன்னார். அவர்களில் இருவருக்குப் பெயர்கூட வைத்தார். பறக்கும் மந்திரம் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். நாற்பது பேர் இரவு முழுவதும் நிற்பார்கள். சண்டை முற்றியபோது அந்தப் பெண் நோட்டை மூடி வைத்துவிட்டு, "நெருப்புக் கோளத்தை எந்த இடத்தில் போடட்டும்?" என்று அவரைக் கேட்டாள். விட்டுக்கொடுத்துக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை, அவருக்குத்தான் தெரியும்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. காகிதத்தைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்கள். இன்னும் முப்பது அடி உள்ளே வரட்டும்" என்றார். மாடியில் மூச்சு விடுகிற சத்தம் இல்லை.

இதோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் நடுவில் டாக்டர் அம்மாள் இருக்கிறாரே! மருமான் உற்சாக மிகுதியில் அவருக்கும் பத்து வீரர்களைக் கொடுக்கப் போனான். அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"எனக்கு வேண்டாம் அப்பா! காலை ஏழு மணியிலிருந்து முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறேன். யாருக்கு ஆபரேஷன், யாருக்கு மருந்து, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று. இங்கே வருவது கோடரியைத் தூக்குவதற்கு. யாரை அடிக்க வேண்டும் என்று மட்டும் காட்டு. அடித்துவிட்டு டீ குடிக்கிறேன்."

வாள்வீரனுக்கும் பட்டியல் கொடு, தந்திரம் கொடு என்று வாதாடுகிறவர்கள் இந்த அம்மாளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2017-இல் ஒரு அமெரிக்கப் புள்ளிவிவரப் பத்திரிகை, ஆட்டக்காரர்கள் இணையத்தில் உருவாக்கி வைத்திருந்த கதாபாத்திரங்களைக் கணக்கெடுத்தது. முதலிடம் வாள்வீரனுக்குத்தான், அதிலும் வால், கொம்பு, கூர்க்காது எதுவும் இல்லாத வெறும் மனித வாள்வீரனுக்கு. விரும்பினால் நெருப்பைக் கக்கலாம், பறக்கலாம் என்றிருக்கும்போது, இத்தனை பேர் ஒரு சாதாரண மனிதனையும் ஓர் இரும்புத் துண்டையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களில் டாக்டர் அம்மாளைப் போன்றவர்கள் இருப்பார்கள். பாங்கு இளைஞரைப் போன்றவர்களும் இருப்பார்கள். சுலபமான வேடம் வேண்டும் என்பது ஓர் ஆசை. மதிப்பில்லாத வேடம் போதும் என்று யாரும் கேட்கவில்லை. 'புதியவர்களுக்கு அதுதான் சுலபம்' என்று எனக்குச் சொன்னார்களே, அந்த வாக்கியத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. ஆட்டத்தை எழுதியவர்கள் பல பதிப்புகளாகப் பிரித்தெடுக்க முயன்றுகொண்டிருப்பதும் இந்தக் கலப்பைத்தான். ஐந்தாம் பதிப்பில் பகடையை உருட்டினால் போதும் என்று ஒரு வகை வாள்வீரனும், தந்திரங்களைத் தேர்ந்தெடுத்து ஆட இன்னொரு வகை வாள்வீரனும் இருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டுப் புத்தகம் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஒரு தனி வித்தையைச் சேர்த்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் சண்டை இல்லாத நேரத்தில் 'நான் யார்?' என்ற கேள்விக்குப் புத்தகத்தில் பதில் எழுத முடியாது. மேஜையைச் சுற்றி இருக்கிறவர்கள்தான் அதை எழுத வேண்டும்.

மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமையில் கேட்பதெல்லாம் மற்ற ஆறு நாளில் கிடைக்காத ஒன்றைத்தான். வாரமெல்லாம் மனுப் போடுகிறவருக்குத் தன் வார்த்தை எடுபட வேண்டும். வாரமெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவருக்குத் தீர்ப்பிலிருந்து விடுதலை வேண்டும். பரீட்சைக்கு மாய்ந்து மாய்ந்து படித்தும் எது கேள்வியாக வரும் என்று தெரியாமல் தவிக்கிற பெண்ணுக்கு, தயார் செய்துகொண்டு போனது ஒரு நாளாவது உபயோகப்பட வேண்டும். வாளா மந்திரமா என்பது அப்புறம்.

அடுத்த மாதம் புதிய கதை ஆரம்பிக்கிறது. "மாமா, உங்களுக்கு இந்தத் தடவை என்ன வேடம்? மந்திரவாதி காலியாயிருக்கிறது" என்றான் மருமான். வாள்வீரன்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு ஆச்சரியம். எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் நான் உட்கார்ந்த இடத்தில் 'மழை பெய்தது' என்று எழுதுகிறேன்; மழை பெய்கிறது. 'அவள் மன்னித்துவிட்டாள்' என்று எழுதுகிறேன், மன்னித்துவிடுகிறாள். என்னைத் தடுக்க ஆள் கிடையாது. ஏழாவது நாளாவது ஒரு சுவர் முன்னால் நின்று, 'ஏறலாமா?' என்று யாரையாவது கேட்டுவிட்டு, பகடை நிற்கும் வரையில் நெஞ்சு அடித்துக்கொள்ள உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.